காம்பராவை யாரிடம் ஒப்படைப்பது

போன வாரம் உங்களில் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆனவர், எனக்கு அழைப்பு எடுத்தார். "மிஸ், ஒரு கேமைச் செஞ்சவரே விட்டுட்டுப் போயிட்டாருன்னா நாம என்ன செய்யணும்? மூடிடணுமா, இல்ல கேக்குறவங்ககிட்ட குடுத்துடணுமா?" என்று கேட்டார். இதற்கென்று எங்கோ ஒரு விதி இருக்கிறது, ஓய்வுபெற்றுப் போகும்போது நான் அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்பதுபோல் இருந்தது அவர் கேட்ட விதம். அப்படி ஒரு விதி இருந்திருந்தால் கம்பனிக்கு நான் தேவைப்பட்டிருக்கவே மாட்டேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற பதிலும் அல்ல இது. அதனால் பெயர்களையும் ஊர்களையும் மாற்றி, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. எனக்கு கேம் செய்யத் தெரியாது. ஒரு தொலைபேசிக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவில் வயதின் பாதியைக் கழித்தேன். தமிழிலும் சிங்களத்திலும் திட்டு வாங்குவதுதான் அங்கே வேலை. அங்கே எனக்கு மேலே இருந்த அம்மா ஒருவர், சேர்ந்த புதிதில் அழுதுகொண்டிருந்த என்னிடம் சொன்னார்: "கோபமாப் பேசுறவங்க எதையோ இழக்கப் போறாங்க. அது என்னன்னு மட்டும் கண்டுபிடி. மத்தத காதுல போட்டுக்காத." அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் பிறகு இந்தச் சின்ன கேம் கம்பனிக்கு வந்தேன். வீட்டில் தனியாகவோ, நண்பர்கள் இருவராகவோ செய்யும் கேம்களை நாம் வெளியிடுகிறோம். ஆடுகிறவர்களின் முறைப்பாடுகள் என்னிடம் வந்தன. காலப்போக்கில், செய்தவர் காணாமல் போன கேம்களும் என் மேசைக்கே வந்து சேர்ந்தன. "கதவு சாத்துற அக்கா" என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர்.

கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் சேர்வதற்கு முன்னால் நம் கம்பனியும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறது. கேகாலையைச் சேர்ந்த ஒரு மாணவர் செய்த சொல் விளையாட்டு அது. படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் அவர் அதைத் தொடவில்லை. ரசிகர் ஒருவர் உருக்கமாகக் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே சூதாட்ட விளம்பரம் வர ஆரம்பித்தது. கேமில் இன்னும் மாணவரின் பெயர்தான் இருந்தது. ஊரில் அவருடைய அப்பாவை நிறுத்தி வைத்து, "மகன் புள்ளைகளக் கெடுக்கிறானே" என்று கேட்டிருக்கிறார்கள். நான் சேர்ந்த பிறகு என் கைக்கு வந்த முதல் முறைப்பாடுகளில் ஒன்று அந்த அப்பாவுடையது.

காம்பரா அப்படிப்பட்டதல்ல. அது நல்ல மனிதர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கேம். அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்கிற ஒற்றை அறையைத்தான் காம்பரா என்பார்கள். கேமும் அந்த ஓர் அறைதான். நிஜக் காம்பராவில் ஒரு ஜன்னல் வைக்கவேண்டும் என்றாலும் தோட்டத்து ஒப்பீசில் போய் நிற்கவேண்டும். கேமில் யாரையும் கேட்க வேண்டாம். சுவரை உடைக்கலாம், முன்னால் இஸ்தோப்புத் திண்ணையைப் பெரிதாக்கலாம், அவரைக் கொடி ஏற்றலாம், கோழி வளர்க்கலாம். ஒரே காம்பராவை வெவ்வேறு போன்களில் இருந்து ஒரு குடும்பம் ஆடலாம். வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் தாய் தன் ஓய்வு நேரத்தில் வந்து, தட்டுக்கு அடியில் ஒரு ரொட்டியை வைத்துவிட்டுப் போவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் தட்டைத் தூக்கிப் பார்ப்பாள். சுவரில் சின்னச் சின்னத் துண்டு எழுதி ஒட்டலாம். "நாளைக்கு சோதினை, சாமி கும்பிட்டுட்டு போ" என்று ஒரு தாய் ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் தன் காம்பராவின் படத்தை எங்களுக்கு ஆசையாக அனுப்பியிருந்தாள்.

இதைச் செய்தவர் றக்வானையைச் சேர்ந்த தர்ஷினி. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணினி படிப்பிக்கும் டீச்சர். ஆரம்பத்தில் எது கேட்டாலும் அன்றே பதில் அனுப்புவார். பிறகு தாமதமானது. பிறகு நின்றே போனது. புதிய போன்களில் கேம் திறக்கவில்லை. சர்வருக்குப் பணம் கட்டிய தவணையும் முடியப் போகிறது. "ஆள் ஓடிட்டா", "ஏமாத்திட்டாங்க" என்று ஸ்டோரில் எழுத ஆரம்பித்தார்கள். நம் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "பெரிசா சத்தம் வர முந்தி கேமை எடுத்துடுங்க. மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி போதும்" என்றார்.

அதற்குள் ருவான்வெல்லையில் இருந்து ரிஸ்வான் நானாவின் அழைப்பு வந்துவிட்டது.

ஊரே நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அவருக்கு ருவான்வெல்லை பஜாரில் போன் பழுதுபார்க்கும் கடை. சுற்றியுள்ள றப்பர் தோட்டங்களில் காம்பரா பரவியதற்கு அவர்தான் காரணம். வெளிநாடு போகிற பெண்ணின் போனிலும், வீட்டில் இருக்கிற பிள்ளையின் போனிலும் ஏற்றிக்கொடுத்து, ஆடவும் சொல்லிக்கொடுத்தவர். தொலைபேசியில் பேசி முடியாது என்று நான் நேரே போனேன். கடைக்குள் எனக்காகப் பலர் காத்திருந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். மனைவிமார் வெளிநாட்டில்.

"மிஸ், ஒங்களுக்கு ஏலாதெண்டா எங்களுக்குத் தாங்க," என்றார் ரிஸ்வான் நானா. "என்ட மச்சான் கம்பியூட்டர் படிச்சவர். சர்வர் நாங்க வெச்சுக்கொள்றோம். உள்ளுக்கு ஈக்கிறதெல்லாம் அப்படியே எங்கட கையில தந்திடுங்க. ஒண்டும் அழியாம நாங்க பாத்துக்கொள்றோம்."

முருகையா என்று ஒருவர், றப்பர் பால் வெட்டு முடித்து நேரே வந்திருந்தார். கையில் மகளின் போன். "எம் பொண்ணு சின்னதுங்க," என்றார். "தாய் போகையில அதுக்கு நெனவே இல்ல. அம்மான்னா அந்தக் காம்பராவுல ரொட்டி வச்சிட்டுப் போறவங்கன்னுதான் அதுக்குத் தெரியும். அத மூடிட்டீங்கன்னா நான் அதுகிட்ட என்னத்தங்க சொல்றது?"

நான் அவரிடம் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. இழக்கப் போவது என்ன என்று தெரிந்துவிட்டது. அவர்கள் கேட்டதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. நானாவின் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் கேம் தர்ஷினியுடையது, அவர் சம்மதம் வேண்டும். அதைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று றக்வானைக்குப் பஸ் ஏறினேன்.

வழி முழுவதும் நான் பேசவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தோற்றுப்போன ஒருத்தியை, அல்லது குற்ற உணர்வோடு ஒளிந்திருக்கும் ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றே எண்ணியிருந்தேன். ஆறுதலாகச் சில சொற்களும் வைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் ஒரு பெண் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தர்ஷினியின் அக்கா சாந்தி. கொழும்பில் இருந்து வருகிறேன், கேம் விஷயம் என்றதும், "அவ அதப் பத்திப் பேசமாட்டாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். வீட்டுக்குள் ஒரு பையன் வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் தர்ஷினி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தார். குடையை மடக்கிக்கொண்டே, "முறைப்பாட்டு மிஸ்தானே? கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்" என்று சிரித்தார்.

என் ஆறுதல் சொற்களுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

"நான் ஓடிப்போகல மிஸ்," என்றார். "என் வேல முடிஞ்சிருச்சு. அக்கா குவைத்துல இருந்தப்ப அவங்க மகன் எங்கிட்டதான் வளந்தான். தாயும் புள்ளையும் ஒரே எடத்துல இருக்கிற மாதிரி ஏதாச்சும் வேணும்னு செஞ்சதுதான் அது. அக்கா வந்துட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் நெசமாவே ஒரே வீட்டுல இருக்காங்க. அப்புறம் எதுக்கு மிஸ் அது?"

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். கைவிட்டார், கைவிட்டார் என்று நாம் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தோம். அவரைப் பொறுத்தவரை அது நிறைவேறிப்போன காரியம். விட்டுப் போனவரைப் பார்க்கப் போகும்போது அவர் எதில் தோற்றார் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன், பேச்சைத் தொடங்கவே எனக்குத் தெரியவில்லை.

ருவான்வெல்லைக்காரர்கள் கேட்டதைச் சொன்னேன். முருகையாவின் மகளைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"கேமைக் குடுக்கலாம். அதுக்குள்ள இருக்கிறத குடுக்க முடியாது."

"ஏன் தர்ஷினி?"

அவர் அக்காவைப் பார்த்தார். சாந்தி கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கேமில ஒரு பட்டன் இருந்துச்சே, 'அக்காகிட்ட சொல்லுங்க'ன்னு. கோளாறு ஏதாச்சும்னா சொல்றதுக்கு வச்சது. மொதல்ல கோளாறுதான் வந்துச்சு. அப்புறம் அந்தப் பொம்பளைங்க எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சிட்டாங்க. வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாதுல்ல. ஒருத்தங்க, கதவ வெளிய பூட்டிட்டுப் போறாங்க தங்கச்சின்னு எழுதுனாங்க. ஒருத்தங்க, அந்த வீட்ட விட்டு ஓடிவந்துட்டேன், ஊருல சொல்லிறாதீங்கன்னு எழுதுனாங்க. புருஷங்களப் பத்தி எழுதுனவங்க இருக்காங்க. நான் டீச்சர் மிஸ். நான் என்ன செய்வேன்? கொழும்புல வெளிநாட்டு வேலை ஒப்பீசுக்குச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. கிளாஸ்ல நிக்கையில போன் அதிரும். பாக்கவும் பயம், பாக்காம இருக்கவும் பயம். ஒரு நாள் எம் போன்ல இருந்து அழிச்சிட்டேன். ஆனா சர்வர்ல எல்லாம் அப்படியேதான் இருக்கு."

வேலை முடிந்துவிட்டது என்று அவர் சொன்னது உண்மை. பதில் போடாமல் போனதற்கு இதுவும் காரணம் என்பதும் உண்மை.

"ருவான்வெல்லப் பக்கத்து ஆளுங்களும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. பேர மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல."

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க மிஸ். அதுதான் நல்லது."

அப்போது சாந்தி உள்ளேயிருந்து வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "எல்லாத்தையும்னா? மத்தவங்க காம்பராவையுமா?" என்று தங்கையைக் கேட்டாள். "அனே, அப்படிச் செய்யாத. அங்க இருக்கையில மேசையில ஒரு முட்டாயி வச்சிட்டுப் படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அது நீ செஞ்ச காம்பரான்னாலும் முட்டாயி நான் வச்சதுடி."

நான் தர்ஷினியை வற்புறுத்தவும் இல்லை, தேற்றவும் இல்லை. கேமில் எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்போமா என்று மட்டும் கேட்டேன். தேத்தண்ணி ஆறும்வரை அதைத்தான் பேசினோம். கேமைச் செய்த வேலை தர்ஷினியுடையது. அதை இனி யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தட்டும், தன் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். காம்பராக்களும் சுவரில் ஒட்டிய துண்டுகளும் ஆடியவர்களுடையவை. அவை அந்தந்தக் குடும்பத்தின் போனுக்கே போய்ச் சேரவேண்டும், வேறு யார் கைக்கும் அல்ல. பட்டன் வழியாக வந்தவை எழுதிய பெண்களுடையவை. அவற்றை நம்பிச் சொன்னது தர்ஷினியிடம். அவர் மட்டுமே பார்க்கலாம், அவரே அழிக்கவேண்டும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நானாவுக்கு வேண்டியது இதுவல்ல. அவர் கேட்டது ஓடிக்கொண்டிருக்கும் முழுக் கேமை. நாங்கள் கொடுக்கப் போவது வெறும் எலும்புக்கூட்டை. ஆளுக்கொரு காம்பரா அவரவர் போனில் பத்திரமாக இருக்கும். ஆனால் நானாவின் ஆட்கள் புதிய சர்வர் வைத்து முடிக்கும்வரை தாய் வைக்கிற ரொட்டி மகளிடம் வராது.

ருவான்வெல்லையில் இதைச் சொன்னபோது அதே ஆட்கள் கடையில் நின்றார்கள். யாருடைய மனைவி என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. ரிஸ்வான் நானா கையில் இருந்த போனை மேசையில் வைத்தார்.

"எதையோ ஒளிக்கிறீங்க மிஸ்."

"நானா, என்னால தரக்கூடியதத் தர்றேன்."

"அப்ப எங்கள நம்பல்ல. கள்ளனுக்குச் செல்றாப்போல செல்றீங்க. இவ்வளவு நாளும் ஒங்கட கேமுக்காக ஒழச்சது நான். ஒரு சதம் கேட்டனா?"

"உங்கள நம்புறேன் நானா. ஆனா அது நான் குடுக்கக்கூடிய சாமான் இல்ல."

"அப்ப யார்ட சாமான்?"

முருகையா மகளின் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நானாவின் கோபத்தை விட அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த நாளே என் பெயரைப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கம்பனி காம்பராவை யாருக்கோ விற்றுவிட்டது, ஏழைகளின் படங்களை விற்றுவிட்டது என்றெல்லாம் பரவியது. சிங்களத்திலும் வந்தது. பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவரல்ல, பயந்துபோயிருந்தார்.

"உண்மையச் சொல்லிடலாமே," என்றார். "வெளிநாட்டுல இருக்கிற பெண்கள் அந்தரங்கமா எழுதினது உள்ளுக்கு இருக்கு, அதனாலதான் தரேல்ல. ஒரே வரி. எல்லாரும் நம்ம பக்கம் வந்துடுவாங்க."

அவர் சொன்னது சரிதான், எல்லோரும் நம் பக்கம் வந்திருப்பார்கள். அந்த வரியை நானும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். பிறகு அந்தக் கடையில் நின்ற ஆண்கள் அதை வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன். அன்று மாலையே ஒவ்வொருவரும் மனைவிக்கு அழைப்பு எடுப்பார்கள். "நீ என்னத்த எழுதுன?" என்று கேட்பார்கள். ஒன்றுமே எழுதாதவளும் அதற்குப் பதில் சொல்லவேண்டி வரும். எழுதியவளின் நிலையை நினைக்கவே முடியவில்லை.

"சேர், அந்த வரி நம்மளக் காப்பாத்தும்," என்றேன். "அவங்கள மாட்டிவிடும். என் பேருதானே கெடுது, பரவாயில்ல."

"கம்பனியின் பேரும்தான் கெடுது."

"ஆமா சேர். அதுவும்தான்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கடைசியில், "சரி, உங்க இஷ்டம்" என்றார். இந்தக் கம்பனியைப் பற்றி நான் எப்போதும் நல்லபடி பேசுவதற்கு அந்த ஒரு நிமிடம் போதும். தன் பக்கம் நியாயம் இருந்தும் அதை வெளியே சொல்லாமல் திட்டு வாங்கிக்கொண்டார்.

காம்பராக்களை அவரவர் போனில் இறக்கிவைத்துவிட்டு சர்வரை மூடும் கடைசிப் புதுப்பிப்பைச் செய்தவர் நம் சர்வர் பொறியாளர். என்னைவிட மிக இளையவர். காரணம் என்ன என்று அவருக்கும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தர்ஷினியும் சாந்தியும் ஒரு விடுமுறை நாளில் றக்வானையில் இருந்து கொழும்புக்கு வந்தார்கள். பட்டன் வழியாக வந்தவற்றைப் பொறியாளர் திரையில் திறந்து கொடுத்துவிட்டு, கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் போதாது என்று பட்டதோ என்னவோ, எழுந்து வெளியே போய்விட்டார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லவில்லை.

உடனே அழிக்க தர்ஷினிக்கு மனம் வரவில்லை. "உதவின்னு கேட்டவங்களுக்கு ஒரு வழி சொல்லாம எப்படி மிஸ்?" என்றார். இரத்தினபுரியில் வெளிநாட்டுத் தொழிலாளிப் பெண்களுக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பில், தமிழ் பேசும் பெண் ஒருவரிடம் நான் முன்பே பேசி வைத்திருந்தேன். அவருடைய தொலைபேசி இலக்கத்தை, அப்படிக் கேட்டிருந்த ஒவ்வொருத்திக்கும் கேம் வழியாகவே தர்ஷினி அனுப்பினார். அக்கா திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எப்படி எழுதினால் பயப்படமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்து வந்தவளுக்குத்தான் அது தெரியும்.

பதில் வருகிறதா என்று சில நாள் காத்திருந்தோம். பலரிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. கதவைப் பூட்டிப் போகிறார்கள் என்று எழுதியவளிடம் இருந்து மட்டும் வந்தது. "சொகமா இருக்கேன் தங்கச்சி. வேற வீடு. இவங்க நல்லவங்க." தர்ஷினி எனக்குத் தொலைபேசியில் அதை வாசித்துக்காட்டி அழுதார். அதற்குப் பிறகுதான் அழித்தார்.

ரிஸ்வான் நானா என்னோடு பேசாவிட்டாலும், புதுப்பிப்பு வந்த அன்றே தோட்டத்துப் பிள்ளைகளின் போன்களையெல்லாம் கடைக்கு வரவழைத்து ஏற்றிக்கொடுத்திருக்கிறார். உடைந்து கிடந்த போன்களையும் திருத்தி ஏற்றியிருக்கிறார். என் மேல் இருந்த கோபத்தை அவர் அந்தப் பிள்ளைகள் மேல் காட்டவில்லை. பெரும்பாலான காம்பராக்கள் தப்பியது அவரால்தான்.

எல்லாம் தப்பவில்லை. எஜமானர்கள் போனைப் பிடுங்கி வைத்திருந்ததால் அந்த நாட்களில் கேமைத் திறக்கவே முடியாத ஒருத்தி இருந்தாள். ஊரில் அவளுக்குப் பிள்ளை இல்லை. தனக்காகத் தனியே ஒரு காம்பரா கட்டிவைத்திருந்தாள். பின்னால் ஊர் திரும்பி, தன் காம்பரா எங்கே என்று கேட்டு எங்களுக்கு எழுதினாள். நீல ஜன்னல் வைத்தது என்று அடையாளமும் சொல்லியிருந்தாள். இல்லை என்று நான்தான் பதில் எழுதவேண்டியிருந்தது. நாங்கள் எடுத்த முடிவு நல்ல முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவளுக்கு அது நல்ல முடிவாக இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்லவேண்டும்.

நானாவின் மச்சான் நினைத்ததைவிட அதிக காலம் எடுத்துக்கொண்டார். மழைக்காலம் ஒன்று முழுதாகக் கழிந்து போனது. பிறகு ஒரு நாள் புதிய காம்பரா ஓட ஆரம்பித்தது. அதில் தர்ஷினியின் பெயர் இல்லை, நம் கம்பனியின் பெயரும் இல்லை. அவரவர் போனில் இருந்த காம்பராவை அதில் ஏற்றிக்கொள்ளலாம். விளம்பரம் எதுவும் போடவில்லை. நான் அதைத் தூரத்தில் இருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வாழ்த்துச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினேன், நானா பதில் போடவில்லை.

நான் ஓய்வுபெற்று எஹலியகொடையில் வீட்டோடு இருந்த காலத்தில்தான் அவர் எனக்கு அழைப்பு எடுத்தார். காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். சலாம் சொல்லிவிட்டு, நலம் விசாரித்தார்.

"மிஸ், ஒரு விஷயம் கேக்கோணும். வெளிநாட்டுல ஈந்து காம்பரா ஆடுற ஒரு பொம்புளப் புள்ள எனக்கு ஒரு மெசேஜ் போட்டீக்கி. கேமைப் பத்தி இல்ல. அங்க அந்தப் புள்ளக்கி... என்னெண்டு செல்ற... நல்லமில்ல. நான் வாப்பா மாதிரியாம், அதனாலதான் எனக்குச் செல்றாவாம். ஊட்டுக்குச் செல்ல வாணாமாம்."

"நீங்க யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா நானா?"

"அல்லாஹ், இல்ல. பொஞ்சாதிக்கும் செல்லல்ல. அந்தப் புள்ளட மாப்புள்ள நேத்து என்ட கடைக்கு வந்து, முன்னுக்கே நிண்டு கதச்சிட்டுப் போனாரு. எனக்கு அவர்ட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சு."

இரத்தினபுரி இலக்கத்தைக் கொடுத்தேன். எப்படி எழுதினால் அந்தப் பெண் பயப்படமாட்டாள் என்று சாந்தி சொன்னதையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். ஆனாலும் அழைப்பை வைக்கவில்லை. பின்னால் பஜாரின் சத்தம், யாரோ பஸ் ஹோர்ன் அடிப்பது எல்லாம் கேட்டது.

"மிஸ்."

"சொல்லுங்க நானா."

"அண்டைக்கு நீங்க தர ஏலாதெண்டு சென்னது... இந்த மாதிரிச் சாமானா?"

தட்டி வைத்திருந்த ரொட்டியைக் கல்லில் போட்டேன்.

"வாணாம் மிஸ்," என்றார் கடைசியில். "நீங்க செல்லாதீங்க. நானும் கேக்கல்ல."